மானிப்பாய் மருத்துவர் கிறீன்

1822 ஆம் ஆண்டின் இறுதித் திங்களில் யாழ்ப்பாணத்து நல்லூரிலே, பின்னாளில் ஆறுமுக நாவலர் என உலகம் போற்றிய பெரியார் தோன்றினார். அதற்கு இரண்டு திங்களுக்கு முன்னரே, கடல் பல கடந்த அமெரிக்க நாட்டில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரையடுத்த கிறீன் ஹில் என்னும் பண்ணைவீட்டில், சாமுவேல் பிஸ்க் கிறீன் பிறந்தார். ஒருவர் சைவத்தின் காவலர். மற்றவர் கிறித்தவ மதத்தைப் பரப்ப வந்தவர். கொள்கையால் இருவரும் இரு துருவத்தினர். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈழத்துத் தமிழ் உரைநடை அடைந்த வளர்ச்சியை எழுதப் புகுவோர் இவ்விருவரையும் ஒருங்கே எண்ணாமல் எழுதுதல் இயலாது. நாவலரின் வரலாற்றை நம் மாணாக்கர் பாடநூல்களில் நன்கு கற்கின்றனர். கிறீனின் பெயரையோ, வைத்தியசாலை ஒன்றின் வாயிற்பலகையில் மட்டுமே பலர் அறிவர். அக்குறை கருதியே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

கிறீன் வந்திறங்கிய காலத்து யாழ்ப்பாணத்தை முதலிற் சிறிது நோக்குவோம். போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரும், ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும் கைப்பற்றிய கடற்றுறைப் பட்டினம் அது. கோட்டைக்கு வெளியே கடைத்தெரு. கடைத்தெருவுக்கு அப்பால் கடல். புகையிலையும் பனைமரச் சலாகையும் தோணியேறித் தென்னிந்தியத் துறைகளுக்குச் சென்றன. நெல்லும் துணியும் அங்கிருந்து வந்தன. அவற்றோடு அம்மையும் பேதியும் வந்தன. துறைமுகப் பட்டினங்களுக்கெல்லாம் இது பொதுவான தலைவிதி; பொருள் வரும் வழியே பிணியும் வரும்.

அறம் அந்நாட்டுக்குப் புதிதன்று. மடங்களிலே வழிப்போக்கருக்குச் சோறு கிடைத்தது. மருத்துவமும் புதிதன்று. யாழ்ப்பாணத்து அரசர் காலத்திலேயே செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் தோன்றியிருந்தன. பரம்பரை வைத்தியர்கள் ஏடுகளைப் போற்றிக் காத்து வந்தனர். ஆனால் ஆதரவற்ற ஒரு நோயாளியைப் படுக்க வைத்து, மருந்தும் உணவும் கொடுத்து, எழுந்து நடக்கும்வரை பார்க்கும் இடம் என ஒன்று பட்டினத்தில் இல்லை. தெருவிற் கிடந்தவன் தெருவிலேயே கிடந்தான்.

இக்குறையை நீக்க முற்பட்டவர் வடமாகாணத்தில் நெடுங்காலம் அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவர். சென்னையிலும் கொழும்பிலும் இருந்ததைப் போன்ற ‘பிரெண்ட் இன் நீட்’ சங்கம் ஒன்று அவர் முயற்சியால் யாழ்ப்பாணத்திலும் அமைந்தது. இடர்க்காலத்து நண்பர் என்பது அப்பெயரின் பொருள். வள்ளுவனார் நட்பைப் பற்றிக் கூறியதெல்லாம் நினைவுக்கு வரும்படியாக ஒரு சங்கத்துக்குப் பெயரிட்ட அந்த ஆங்கிலேயரை மெச்சத்தான் வேண்டும். மக்களிடம் திரட்டிய பொருளைக் கொண்டு 1850 ஆம் ஆண்டில் அச்சங்கம் ஏழைகளுக்கென ஒரு வைத்தியசாலையைத் திறந்தது. இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை எனப் பெரிதாய் வளர்ந்து நிற்பது அதன் வழிவந்ததே. கட்டடமும் பணமும் டைக்கின் முயற்சியால் கிடைத்தன. ஆயினும் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்க ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள் ஆறு கல் தொலைவுக்கும் உட்பட்ட மானிப்பாயில் இருந்தார்.

அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது 1816 ஆம் ஆண்டில். அவர்களுள் மருத்துவம் கற்ற முதல்வர், பண்டத்தரிப்பில் இருந்து பணிசெய்து பின் சென்னைக்குச் சென்ற ஜோன் ஸ்கடர். அவருக்குப்பின் நேதன் வார்ட் வந்தார். வார்ட் நீங்கியபின் வெற்றிடமாய்க் கிடந்த பதவிக்கு வந்தவரே நம் கிறீன். நியூயோர்க்கிலே மருத்துவக் கல்லூரியில் 1845 இல் பட்டம் பெற்றவர். 1847 இல் பொஸ்டன் துறையிற் கப்பலேறினார். அதற்கு முந்திய ஆண்டில்தான் அந்த நகரத்து வைத்தியசாலை ஒன்றில், ஈதர் என்னும் மயக்கமருந்தை ஊட்டி, வலியறியாமல் ஒருவருக்கு இரண சிகிச்சை செய்து காட்டியிருந்தனர். மேலை மருத்துவம் புதிய யுகத்தின் வாயிலில் நின்ற வேளை அது. அத்தகைய வேளையில் இருபத்தைந்து வயதும் நிரம்பாத இளைஞர் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டார். அவர் தமையனார் அண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் நியூயோர்க் நகரின் சென்ட்ரல் பார்க் என்னும் பெரும் பூங்காவை ஆக்கியவர்களுள் முதன்மையானவர். அந்நகரத்தின் தந்தை எனப் பிற்காலத்தாரால் எண்ணப்படுபவர். தம்பியாரும் அங்கேயே இருந்திருப்பாராயின் செல்வத்துக்கும் புகழுக்கும் குறைவிருந்திராது.

வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் தங்கிய கிறீன் 1848 இல் மானிப்பாய்க்குச் சென்றார். நாவலர் வண்ணார்பண்ணையில் தம் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் அதே ஆண்டில்தான். மானிப்பாயில் நோயாளர் நாடோறும் வந்து குழுமினர். பிறரெல்லாம் கைவிட்டபின் கடைசியாக இவரிடம் வந்தவர்களே முதலில் மிகுதி. வெள்ளைக்காரன் கத்தி வைப்பான் என்ற அச்சம் ஊரில் இருந்தது. காலப்போக்கிற் கண்நோய், கட்டி, எலும்புமுறிவு என்றால் மானிப்பாய்க்குச் செல்லவேண்டும் என்ற எண்ணம் பரவிற்று. அவர் தொடக்கத்திலேயே ஒன்றை உணர்ந்தார். தாம் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? தாம் இறந்தாலோ ஊர் திரும்பினாலோ இம்மக்கள் பழைய நிலைக்கே போவர். ஆகவே நோயாளரைப் பார்க்கத் தொடங்கிய உடனேயே மாணாக்கரையும் சேர்த்துக்கொண்டார். இலங்கையில் மேனாட்டு மருத்துவம் முறையாகக் கற்பிக்கப்பட்ட முதற் கூடம் இதுவே. கொழும்பில் அரசாங்கம் மருத்துவப் பள்ளி திறந்தது 1870 இல். மானிப்பாய் அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. பட்டினத்து ஏழைகள் வைத்தியசாலையில் கிறீனும் அவரிடம் பயின்றோரும் பணிபுரிந்தனர்.

இவ்வளவில் நின்றிருந்தால் அவர் ஒரு நல்ல மருத்துவர், நல்ல ஆசிரியர், அவ்வளவே. தமிழ் கற்போர் அவரை நினைக்கவேண்டிய காரணம் இனித்தான் வருகின்றது.

முதலிற் பயின்ற மாணாக்கர் யாவரும் ஆங்கிலத்திலேயே பயின்றனர். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் கற்றுத் தேறிய இளைஞர்கள் அவர்கள். ஆனால் கற்று முடித்தோர் யாது செய்தனர்? அரசாங்க உத்தியோகம் நோக்கிச் சென்றனர். உடையும் உணவும் பேச்சும் மாறின. எந்தக் கிராமத்துக்காக அவர்களைப் பயிற்றினாரோ, அந்தக் கிராமத்திற்கு அவர்கள் அந்நியராயினர். ஆங்கிலக் கல்வி தன் நோக்கத்தைத் தவறவிட்டது என்று கருதி மிசன் தலைமையே 1855 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை மூடிவிட்டது. கிறீன் அவ்வேளையில் ஆழ்ந்து சிந்தித்தார். தம் மாணாக்கர் கிறித்தவராதல் வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆனால் ஐரோப்பியராதல் கூடாது என்றும் அதேயளவு உறுதியாக விரும்பினார். வேட்டியும் சால்வையுமாக, தம் ஊர்ச் சோற்றை உண்டு, தம் ஊரார் மொழியில் நோயை விளக்கும் வைத்தியரே அவர் கனவு. அதற்கு வழி ஒன்றே. மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தல் வேண்டும்.

தமிழிற் படித்தவனுக்கு உத்தியோகம் கிடைக்காதே என்றனர் சிலர். கிடைக்காமலிருப்பதே நல்லது, அப்போதுதான் அவன் ஊரில் இருப்பான் என்பது கிறீனின் எண்ணம். இதனை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பும், சிறிது மனவருத்தமும் தோன்றுகின்றன. ஏழைக்கு வைத்தியர் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் வைத்தியனாய் வருபவனும் ஏழை வீட்டுப் பிள்ளைதானே! அவன் வாழ்வுக்கு வழி என்ன என்ற கேள்விக்குக் கிறீனிடம் முழுமையான விடை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பின்னாளில் அவர் முயற்சி நிலைபெறாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆசிரியர் ஆயத்தம், மாணாக்கர் ஆயத்தம், நூல் எங்கே? தமிழில் ஒரு வரியும் இல்லை. எனவே கிறீன் தாமே நூல் செய்யத் தொடங்கினார். அதற்குமுன் தமிழைக் கற்றார். கட்டர் என்பவரின் உடல்நூலை முதலிற் கையிலெடுத்தார். மகப்பேற்று மருத்துவம் பற்றிய பிரசவ வைத்தியம் 1857 இல் வெளிவந்தது. உடல்நலம் குன்றி அவ்வாண்டிலே தாயகஞ் சென்ற கிறீன், 1862 இல் மார்கிரெட் வில்லியம்ஸ் என்னும் நங்கையை மணந்து அவருடன் மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். 1864 இல் தமிழிலேயே பயிலும் வகுப்பு தொடங்கியது. 1867 இல் இரண வைத்தியம்; 1872 இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம்; 1875 இல் கெமிஸ்தம்; 1883 இல் மனுஷ சுகரணம்; 1884 இல் இந்து பதார்த்த சாரம். மேல்நாட்டு மாணாக்கர் பயின்ற பெருநூல்களே இவற்றின் மூலம். மனுஷ அங்காதிபாதம் கிரே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழ். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 4500 பக்கம். டான்போர்த், சப்மன் முதலிய மாணாக்கர் இப்பணியில் அவருக்கு வலக்கையாயிருந்தனர். கிறித்தவப் பெயர் பூண்ட தமிழர்கள் அவர்கள். நூலின் தமிழோட்டத்துக்கு அவர்களுக்கும் சம பங்கு கொடுத்தல் வேண்டும் என்பேன்.

சொல்லாக்கத்தில் கிறீன் கொண்ட ஒழுங்கு இன்றைய கலைச்சொற் குழுவினர்க்கும் பாடமாகத்தக்கது. மேனாட்டுச் சொல் ஒன்று எதிர்ப்பட்டால், அதற்கு நேரான சொல் தமிழ் வைத்திய நூல்களில் உண்டா என முதலிற் பார்த்தார். நாட்டு வைத்தியரையும் வினவினார். அங்கே கிடையாதாயின் வடமொழியை நாடினார். எங்கும் கிடையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கேற்ப மாற்றினார். தெரிந்த சொற்களைத் தொகுத்துச் சொற்றொகுதிகளாகவும் அச்சிட்டார். உடற்கூற்றியலுக்கு அவர் கொண்ட அங்காதிபாதம் என்ற சொல்லை நோக்குங்கள். பாதாதிகேசம், கேசாதிபாதம் என நம் சிற்றிலக்கியங்களிற் பயின்ற அமைப்பை ஒத்து, புலவர் செவிக்கு இன்பமாக ஒலிக்கின்றது. சுகரணமும் அவ்வாறே. கெமிஸ்தம் என்பதைக் காணும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதுண்டு. வேட்டி கட்டிக்கொண்டும் தொப்பியைக் கழற்றாத ஒரு துரையைப்போல அச்சொல் நிற்கின்றது! ஆயினும் இரசாயனவியல் என்ற சொல் நிலைபெறுவதற்குப் பல்லாண்டு முன்னரே அந்த அறிவு முழுவதும் தமிழில் வந்துவிட்டது என்பதை மறத்தலாகாது. நடையோ வடமொழி மிகுந்த நடை; இன்றைய மாணாக்கருக்குச் சற்றுக் கடினமே. ஆனால் வாக்கியம் நேராகச் செல்லும். கற்பவன் மயங்க இடமிராது. செய்யுளே கல்வியின் மொழியாயிருந்த காலத்தில், எலும்பையும் நரம்பையும் உரைநடையில் வைத்து விளக்கினார் அவர்.

தாய்மொழியில் மருத்துவம் என்பது வெறும் மொழிப்பற்றாளர் பேச்சு எனக் கருதுவோர் எம் லிந்துலைக்கு வந்து ஒரு நாள் இருந்து பார்க்கவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாய் ஒருத்தி, கூடையை வாயிலில் இறக்கி வைத்துவிட்டு, மடியிலிருந்து மருந்துத் துண்டு ஒன்றை எடுத்து என் கையிற் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்ததாம். காய்ச்சற்காரக் குழந்தைக்கு மருந்தைச் சோற்றுக்கு முன் கொடுப்பதா, பின் கொடுப்பதா என்பதே அவள் அறிய விரும்பியது. மூன்று வரி ஆங்கிலம். அதுவும் வைத்தியர் கையெழுத்து! பண்டிதப் பட்டமும் முப்பதாண்டு ஆசிரியத் தொழிலும் அதன்முன் பயன்படவில்லை. பக்கத்து வீட்டு மருந்துக்கடைப் பையனை அழைத்துத்தான் அறிந்து சொன்னோம். கொக்கிப்புழுவும் வயிற்றுளைவும் குளிர்க்காய்ச்சலும் இம்மலைகளில் எத்தனை உயிரைக் கொண்டுபோயின என்பதைத் தோட்டத்து மூத்தோர் கதைகதையாகச் சொல்வர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து வந்த தங்கள் பாட்டன் பூட்டனை வழியிலே விட்டுவந்த கதையும் அவற்றுள் உண்டு. கோப்பித் தோட்டக் காலத்தில், தொழிலாளரின் மருத்துவத் தேவையைக் கருதி முதற் சட்டம் இயற்றப்பட்டது 1872 ஆம் ஆண்டு. மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் மானிப்பாயில் மாணாக்கர் கையை அடைந்த அதே ஆண்டு! மலைநாட்டில் சட்டம் வந்தது, ஆஸ்பத்திரிகளும் வந்தன. அவற்றின் ஏடும் எழுத்தும் ஆங்கிலமாயின. வடக்கே தமிழில் மருத்துவ நூல்கள் இருந்தன. இரண்டையும் இணைத்துப் பார்க்க எவருக்கும் அன்று தோன்றவில்லை.

கிறீனின் வாழ்வில் பேதிக் காலங்கள் தனியே சொல்லத்தக்கவை. 1850 களின் இடையிலும், மறுபடி 1866 இலும் கொள்ளைநோய் யாழ்ப்பாணத்தை வாட்டியது. வீட்டுக்கு வீடு பிணம் விழுந்த நாள்கள் அவை. தாமும் மாணாக்கரும் ஊரூராகச் சென்று மருந்து கொடுத்ததோடு, நீரைப் பற்றியும் தூய்மையைப் பற்றியும் எளிய தமிழில் மக்களுக்கு அறிவுறுத்தினர். பேதிக்குக் காரணமான கிருமியைக் கொக் என்னும் ஜெர்மானியர் தெளிவாகக் கண்டு உலகுக்கு அறிவித்தது 1884 இல், அதாவது கிறீன் மறைந்த ஆண்டில். காரணம் விளங்காத நோயோடு போராடிய மருத்துவர்களின் துணிவை அளவிடும்போது இதனையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. மானிப்பாயில் மருந்துக்குக் காத்திருந்தோர் விவிலியத்தையும் கேட்கவேண்டியிருந்தது. நோயும் வறுமையும் மனத்தைத் தளர்த்திய வேளையில் மதம் போதித்தல் முறையோ என்று சைவப் பெருமக்கள் வினவினர். அவ்வினா நியாயமான வினாவே. நாவலரின் கண்டனங்கள் இத்தகைய நிலையிலிருந்தே எழுந்தன. 1876 முதற் பஞ்சம் தலைகாட்டியபோது நாவலர் வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். பசித்தவனுக்கு உணவு கொடுக்கும் கடமையை நம்மவரே ஏற்கவேண்டும் என்ற உறுதி அதில் விளங்கிற்று. மிசனரிமாரின் வைத்தியசாலைகள் அவ்வுறுதியைத் தூண்டிய கோல் என்று சொன்னாலும் தவறாகாது. கிறீனைப் பொறுத்தவரை, அவர் தம் மதத்தை மறைக்கவுமில்லை. மதம் மாறாதவனுக்கு மருந்து மறுக்கவுமில்லை. அவர் மருந்தால் எழுந்தோருட் பெரும்பாலோர் திருநீறு பூசியே வீடு திரும்பினர். அவர் நூல்களோ எம்மதத்தவனும் கற்கத்தக்கவை.

1873 இல் உடல் தளர்ந்து அவர் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். அதற்குள் அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் மருத்துவங் கற்றுத் தேறியிருந்தனர். அவருள் முப்பத்து மூவர் தமிழிலேயே கற்றவர். ஓய்வு கொள்ளச் சென்றவர் ஓய்வு கொண்டாரல்லர். பனி மூடிய வூஸ்டரில் அமர்ந்து தமிழெழுதினார். சுற்றிலும் தமிழறிந்தார் ஒருவருமில்லை. ஐயம் எழுந்தால் கடிதம் கடல் கடந்து வந்து விடையோடு திரும்பவேண்டும். அந்நிலையிலும் மனுஷ சுகரணத்தை நிறைவேற்றினார். இந்து பதார்த்த சாரம் வெளிவந்த 1884 ஆம் ஆண்டில், மே மாதம் 28 ஆம் நாள் அவர் காலமானார். தம் கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்பதையே பொறிக்கவேண்டும் எனக் கேட்டிருந்தார். அவ்வாறே பொறிக்கப்பட்டு வூஸ்டர் இடுகாட்டில் அக்கல் நிற்கின்றது. பிறந்த நாட்டிலே புதைக்கப்பட்ட ஒருவர் தம்மைத் தமிழரோடு சார்த்தி அறியப்பட விரும்பினார்.

அவர் தொடங்கிய பள்ளி அவருக்குப்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. கொழும்புப் பள்ளியின் ஆங்கிலச் சான்றிதழுக்கே அரசாங்கத்தில் மதிப்பிருந்தது. உத்தியோகம் அங்கே இருந்தது. இளைஞரும் அங்கே சென்றனர். கற்பிப்பாரும் கற்பாரும் இல்லாமல் நூல்கள் பெட்டியில் உறங்கின. கரையானுக்கு இரையானவை எத்தனையோ. மானிப்பாய் வைத்தியசாலை 1890 களில் ஸ்கொட் என்னும் மருத்துவத் தம்பதியரின் வருகையால் மீண்டும் தளிர்த்தது; கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்ற பெயரோடு இன்றும் அவ்விடத்தில் இருக்கின்றது. பட்டினத்து வைத்தியசாலையை 1907 இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

கிறீனின் கடிதங்களும் வரலாறும் 1891 இல் அமெரிக்காவில் நூலாக வெளிவந்தன. தமிழர் தம் பங்கிற்கு அவரை நினைத்தது அதற்கும் பல்லாண்டு பின்னர். கவிஞர் அம்பி 1967 இல் கிறீனின் அடிச்சுவடு என்ற நூலை எழுதினார். அம்பி கவிஞர் மட்டுமல்லர். விஞ்ஞானமும் கணிதமும் கற்பித்த ஆசிரியர். பழைய மருத்துவ நூல்களைத் தூசு தட்டி எடுத்து அவர் நமக்குக் காட்டியபோதுதான், அறிவியற்றமிழ் பற்றி மேடைகளில் முழங்கிக்கொண்டிருந்த பலர், நூறாண்டுக்கு முன்னரே ஒருவர் அதனைச் செய்து முடித்திருந்தார் என்பதை அறிந்தனர்.